பொட்டி இருக்கட்டும், எர்த்து எங்கே?

மின்சாரக் கார் வாங்கியவர்கள் தங்கள் வீட்டுச் சுவரிலேயே சார்ஜிங் நிலையம் அமைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் சுற்றி வந்து எழுதியது.

கடலூரில் பெண்ணையாற்றை ஒட்டிய தெரு ஒன்றில், 2024 டிசம்பர் வெள்ளம் வடிந்து மாதங்கள் பல சென்ற பின்னும், நண்பர் ஒருவருடைய வீட்டு வெளிச்சுவரில் ஒரு கோடு மட்டும் அழியாமல் நிற்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகாத அந்தச் செம்மண் நிறக் கோடு, இடுப்பளவு உயரத்தில், வாசற்படியில் தொடங்கிக் கார்க் கொட்டகை முடியும் வரை நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் அங்கே போனபோது, அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே பென்சிலால் நான்கு புள்ளிகள் வைத்துவிட்டு, டிரில்லிங் மிஷினும் கையுமாக நின்றுகொண்டிருந்தான் நண்பரின் பேரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறவன். தாத்தா வாங்கியிருக்கும் மின்சாரக் காருக்குத் தன் கையாலேயே சார்ஜிங் நிலையம் செய்து தருவதாகச் சொல்லி, மூன்று வாரம் இரவு இரவாகக் கண் விழித்து, ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சர்க்யூட் பலகையும் காண்டாக்டரும் மூன்று வர்ண விளக்குகளும் அடக்கி, அழகாகவே செய்திருந்தான்.

பெட்டிக்கு மின்சாரம் கொண்டுவந்து சேர்ப்பதற்காக அழைக்கப்பட்டிருந்த வயர்மேன், அறுபதை நெருங்கியவர், அந்தப் பெட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, மரியாதையாகவே திண்ணைமேல் வைத்தார்.

"பொட்டி இருக்கட்டும் தம்பி, எர்த்து எங்க?"

"வயரிங்கிலேயே இருக்குமே அண்ணே. பிளக்கில மூணு ஓட்டை இருக்கே."

"மூணு ஓட்டை இருந்தா மூணு கம்பி இருக்குன்னு யாரு சொன்னா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வீட்டின் பின்புறம் போனோம். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், வாழைச் சருகுக்கு அடியில், வீடு கட்டிய காலத்தில் பதித்த எர்த் குழி அகப்பட்டது. வயர்மேன் கடப்பாரையின் நுனியால் குழாயை இலேசாகத் தட்டினார். உப்புக் காற்றிலும் உப்பு நீரிலும் பல்லாண்டு ஊறிய அந்த இரும்புக் குழாய், நமுத்துப்போன அப்பளத்தைப்போல் ஓசையே இல்லாமல் உதிர்ந்து மண்ணில் விழுந்தது. குழாயின் தலையில் முறுக்கியிருந்த செம்புக் கம்பி எதையும் தொடாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மிஷினும் ஏசியும் எத்தனை வருஷமாக எர்த்தே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தனவோ, யாருக்கும் தெரியாது.

சுவரில் இருப்பது சார்ஜர் அன்று

சார்ஜர் என்று நாம் சுவரைக் காட்டிச் சொல்லும் பெட்டி உண்மையில் சார்ஜரே அன்று. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை வாங்கி, பேட்டரி ஏற்கும் நேர்திசை மின்சாரமாக மாற்றி ஊட்டும் யந்திரம் காரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப் பெட்டி அதற்கு ஒரு வாயிற்காவலன் மட்டுமே. கதவைத் திறக்கலாமா, எவ்வளவு அகலத் திறக்கலாம், எப்போது சாத்த வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு அப்பால் அதற்கு வேலை இல்லை. வேலை இவ்வளவு எளிது என்பதனாலேயே உலகெங்கும் கைத்தொழில் ஆர்வலர்கள் இதைத் தாங்களே செய்துபார்க்கத் துணிந்தார்கள். 'ஓப்பன் ஈவிஎஸ்இ' என்ற பெயரில் பத்தாண்டுகளுக்கு மேலாகத் திறந்த முறையில் கிடைக்கும் வரைபடங்களையும் மென்பொருளையும் பின்பற்றிப் பலர் வீட்டிலேயே பெட்டி செய்துகொண்டிருக்கிறார்கள். நம் பேரனும் அந்த வழியில் போனவனே.

காவலனுக்கும் காருக்கும் நடக்கும் சம்பாஷணை ரசமானது. சார்ஜிங் கேபிளில் மின்சாரம் போகும் தடித்த கம்பிகளோடு மெல்லிய கம்பி ஒன்றும் போகிறது; பைலட் கம்பி என்று பெயர். கார் இல்லாதபோது அதில் 12 வோல்ட் நிற்கும். பிளக்கைக் காரில் செருகியவுடன், காருக்குள் இருக்கும் ஒரு மின்தடை அதை 9 வோல்ட்டுக்கு இறக்குகிறது. 'வந்துவிட்டேன்' என்று அதற்கு அர்த்தம். உடனே பெட்டி விநாடிக்கு ஆயிரம் துடிப்புகளாக ஒரு சமிக்ஞை அனுப்பி, அந்தத் துடிப்பின் அகலத்தாலேயே தன்னால் எத்தனை ஆம்பியர் தரமுடியும் என்று சொல்லிவிடுகிறது. கார் இசைந்தால் இன்னொரு தடையைச் சேர்த்து 6 வோல்ட்டுக்கு இறக்கும். அப்போதுதான் பெட்டிக்குள் காண்டாக்டர் 'டக்' என்று விழுந்து, 230 வோல்ட் மின்சாரம் கேபிளுக்குள் பிரவேசிக்கிறது. நடுவில் யாராவது பிளக்கை உருவினால் சம்பாஷணை அறுந்து, கதவும் கண நேரத்தில் சாத்திக்கொள்கிறது. ஆகவே மழையில் நனைந்தபடி ஒருவர் வெறும் பிளக்கைக் கையில் பிடித்தாலும் அதில் மின்சாரம் இராது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

வீட்டில் கார் சார்ஜ் செய்வது புதுமையும் அன்று. நூறாண்டுகளுக்கு முன்பே அமெரிக்கச் சீமாட்டிகள் மின்சாரக் கார் ஓட்டினார்கள். பெட்ரோல் கார்களை லட்சக்கணக்கில் செய்து விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914-ஆம் வருஷத்து டெட்ராய்ட் எலெக்ட்ரிக் வண்டியில்தான் போய் வந்தார். அக்காலத்துக் கொட்டகைகளில் பாதரச ஆவி நிறைந்த கண்ணாடிக் குடுவை ஒன்று நீல ஒளி வீசிக்கொண்டே மின்சாரத்தைத் திசை மாற்றித் தரும். கைப்பிடி சுற்றாமலே பெட்ரோல் வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் 1912-இல் கெடிலாக் காரில் வந்தது. அதன் பிறகு மின்சார வண்டிகள் மெல்ல மறைந்தன.

பெட்டிச் செய்தி: காவலன் பேசும் கணக்கு
துடிப்பு பத்தில் ஒரு பங்கு நேரம் எழுந்து நின்றால் 6 ஆம்பியர்; நூற்றுக்கு 27 பங்கு என்றால் 16 ஆம்பியர்; பாதிக்குச் சற்று மேல் என்றால் 32 ஆம்பியர். வீட்டு ஒருமுனை இணைப்பில் 16 ஆம்பியர் என்பது சுமார் 3.6 கிலோவாட், 32 ஆம்பியர் என்பது சுமார் 7.2 கிலோவாட். 24 யூனிட் கொள்ளும் சிறு காரின் பேட்டரி முதல் வகையில் ஓரிரவில் நிறையும். சிதம்பரத்திலிருந்து கடலூர் போய்த் திரும்பச் செலவாகும் மின்சாரத்தை அதே முதல் வகை ஐந்து மணி நேரத்துக்குள் ஈடு செய்துவிடும். ஆகவே தினசரிப் போக்குவரத்துக்கு மட்டும் கார் வைத்திருப்பவருக்கு இரண்டாம் வகை ஓர் ஆடம்பரமே.

உருகிய பிளக்

பிறரைப் பார்த்துப் பேசுவது சுலபம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, காரோடு வந்த கையடக்கச் சார்ஜரை, பந்தல்காரர் விட்டுவைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டு, பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். பாயசம் பரிமாறும் சமயத்தில் மீன் அழுகினாற்போல் ஒரு நெடி வந்தது. சைவக் கல்யாணத்தில் மீன் நெடி எங்கிருந்து வரும் என்று சமையற்காரரைச் சந்தேகித்தவர்கள் உண்டு. போய்ப் பார்த்தபோது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒரு துவாரம் பழுப்பாகி, கறுப்பாகி, மெழுகைப்போல் இளகி, பிளக்கின் பித்தளைக் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் பந்தலுக்கே ஆபத்து.

காரணம் சாதாரணமானது. வாட்டர் ஹீட்டர்கூடப் பதினாறு ஆம்பியர் பிளக்கில்தான் ஓடுகிறது. ஆனால் அது கால் மணி நேரம் ஓடி ஓய்வது. கார் எட்டு மணி நேரம், இடைவிடாமல், அந்தப் பிளக்கின் முழுச் சக்தியையும் உறிஞ்சுகிறது. ஒரு திருகாணி கால் சுற்றுத் தளர்ந்திருந்தாலும், அந்தத் தளர்ச்சியில் சூடு பிறந்து, சூட்டினால் பித்தளை மேலும் தளர்ந்து, தளர்ச்சியினால் சூடு மேலும் வளர்ந்து, நள்ளிரவில் எல்லாரும் உறங்கும் வேளையில் அது தன் காரியத்தைச் செய்து முடிக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் எம்சிபி ஏன் விழவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. எம்சிபி எண்ணுவது ஆம்பியரை, சூட்டை அன்று. பதினாறு ஆம்பியருக்குள் ஓடும் மின்சாரம் எந்த இடத்தைச் சுட்டெரித்தாலும் அதற்குக் கவலை இல்லை.

ஆகவே அறிந்தவர்கள் காருக்கென்று மீட்டர் பலகையிலிருந்தே பிரத்யேகமாக ஒரு தனி லைன் இழுக்கிறார்கள். வழியில் ஒட்டுப்போடாத ஒரே கம்பி, தனி எம்சிபி, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் தனி ஆர்சிசிபி. கம்பி 3.6 கிலோவாட்டுக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), 7.2 கிலோவாட்டுக்கு 6 ஸ்கொயருக்குக் குறையக்கூடாது என்பது வயர்மேன்களின் பொதுக் கணக்கு. தூரம் அதிகமானால் இன்னும் தடிப்பு வேண்டும்.

பெட்டிச் செய்தி: விதி சொல்வது
மத்திய மின்சார ஆணையம் 2019-இல் தன் பாதுகாப்பு விதிகளில் மின்வாகனங்களுக்கென்று ஓர் அத்தியாயமே சேர்த்தது. சார்ஜிங் சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக்கூடாது. வாகனம் சார்ஜிங் இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் நிற்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் கம்பி கூடாது. சொந்த வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்தக் காரைச் சார்ஜ் செய்ய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. காருக்குத் தனி இணைப்பு வேண்டுமென்றாலும் கேட்டுப் பெறலாம் என்று 2024 நுகர்வோர் உரிமை விதித் திருத்தம் சொல்கிறது.

ரப்பர்ச் சக்கரமும் வெறுங்காலும்

வயர்மேனுடைய முதல் கேள்விக்கு இப்போது திரும்புகிறேன். ஏனெனில் இந்த விஷயத்தின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது.

கார் நான்கு ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்பது. பூமியோடு அதற்குத் தொடர்பே இல்லை. உள்ளே எங்கேனும் ஒரு கம்பியின் தோல் உரிந்து இரும்புடலைத் தொட்டுவிட்டால், அந்த உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிக்கொண்டு, போக வழியின்றிக் காத்திருக்கும். மழையில் நனைந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் திறக்கும் மனிதனே அதற்கு வழியாகிறான். நல்ல எர்த் இருந்தால் மின்சாரம் அவனுக்காகக் காத்திராமல் அந்த வழியாகப் போய்விடும். ஆனால் எர்த் இருந்தால் மட்டும் போதாது. நம் குழியின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே தள்ளக்கூடியது பதினொன்றரை ஆம்பியர்தான். பதினாறு ஆம்பியர் எம்சிபி அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த இடத்தில்தான் ஆர்சிசிபி என்ற சாதனம் தேவைப்படுகிறது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒத்திருக்கின்றனவா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்து, ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் அது துண்டித்துவிடும்.

கைவேலைப் பெட்டிகள் தவறுவது பெரும்பாலும் இந்த ஆர்சிசிபியில்தான். கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய 'ஏசி' வகை ஆர்சிசிபி, காருக்குள் திசை மாற்றும் யந்திரத்திலிருந்து கசியக்கூடிய நேர்திசை மின்சாரத்தால் உள்ளுக்குள் மரத்துப்போய், உண்மையான ஆபத்து வரும்போது விழாமலே இருந்துவிடலாம். 'ஏ' வகையும் அதோடு 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பும் வேண்டும் என்பது இதனால்தான். பேரனிடம் இதைக் கேட்டேன். அவன் வாங்கியிருந்தது 'ஏசி' வகை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்காரருக்கே அந்த வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை.

கடலோர மண்ணுக்கு ஒரு விசித்திரம் உண்டு. உப்புச் சேர்ந்த ஈர மண் மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். அதே உப்பு குழாயை அரித்துத் தின்றும்விடும். கடலூரின் தேவனாம்பட்டினத்துப் பக்கத்து மணலோ நேர்மாறு. மழைக்காலத்தில் நல்ல எர்த்தாக இருப்பது சித்திரை வைகாசியில் காய்ந்து வறண்டு, எர்த் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே இங்கே குழி தோண்டுவது ஒரு நாள் வேலை, அதைப் பேணுவது வருஷாவருஷ வேலை. எட்டடிக் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே புனல் வைத்து, கோடையில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள் பழைய வயர்மேன்கள். அதை இன்று கேட்பவர் குறைவு.

தேர் ஓடும் வீதியில் கார் எங்கே நிற்கும்?

சிதம்பரத்தின் நான்கு ராஜவீதிகளுக்கும் ஆங்கிலத்தில் 'கார் ஸ்ட்ரீட்' என்றே பெயர். கீழவீதி 'ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்'. அந்தக் 'கார்' தேரைக் குறிப்பது என்பதை அறியாமல், வெளியூர் இளைஞர் ஒருவர் இவ்வீதியில் கார்கள் நிறுத்த இடம் தாராளமாக இருக்கும் என்று நம்பி வந்ததாக வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஆண்டுக்கு இருமுறை ஐந்து தேர்கள் வலம் வரும் இவ்வீதிகளிலும் இவற்றை ஒட்டிய சந்துகளிலும் பழைய வீடுகளுக்குத் திண்ணை உண்டு, ரேழி உண்டு, முற்றம் உண்டு, போர்ட்டிகோ கிடையாது. வில்வண்டியைக்கூட வீதியில் நிறுத்திய காலத்து வீடுகள் அவை.

அப்படிப்பட்ட வீட்டில் மின்சாரக் கார் வாங்கியவர் என்ன செய்கிறார் என்று நேரில் பார்த்தேன். ரேழியில் இருக்கும் பிளக்கிலிருந்து கேபிள் ஜன்னல் கம்பிக்கிடையே வெளியே வந்து, திண்ணையில் இறங்கி, நடைபாதையைக் கடந்து, தெருவோரம் நிற்கும் காருக்குப் போகிறது. பால்காரர் சைக்கிள் அதன்மேல் ஏறி இறங்குகிறது. கோலம் போடும் அம்மாள் அதைத் தாண்டிப் புள்ளி வைக்கிறாள். ஐந்து மீட்டர் என்ற விதி ஒருவேளை நிறைவேறலாம். அந்த விதியை எழுதியவர்கள் கோலத்துக்கு நடுவில் ஓடும் கம்பியை எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். வீட்டுச் சார்ஜிங் என்பது இன்றைய நிலையில் சொந்த வீடும், அந்த வீட்டில் வண்டி நிறுத்த இடமும் உடையவருக்கு வாய்த்த சௌகரியமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் மாடியில் குடியிருப்பவர், கீழ்வீட்டுக்காரருடைய மீட்டரைத் தாண்டி எங்கே கம்பி இழுப்பார்? வீதிவிளக்குக் கம்பத்தைப்போல் தெருவுக்குத் தெரு எளிய சார்ஜிங் முனை வேண்டும் என்ற கோரிக்கை இத்தகைய ஊர்களிலிருந்துதான் எழவேண்டும். 3,500 ரூபாய்க்குள் ஒரு சிறு சார்ஜிங் முனை என்ற இலக்கோடு 2021-இல் இந்தியத் தர அமைவனம் ஐ.எஸ். 17017 வரிசையில் ஒரு தரத்தையும் வெளியிட்டது. தேர்வீதிகளில் அந்தச் சாதனத்தைத் தேடினேன், அகப்படவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே சந்தில் ஐந்து வீட்டில் 7.2 கிலோவாட் பெட்டி வைத்து, ஐவரும் அலுவலகத்திலிருந்து திரும்பிய மாலை ஏழு மணிக்கே பிளக்கைச் செருகினால், அந்தச் சந்துக்கு உணவிடும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்களுக்கே போய்விடும். மிச்சத்தில்தான் ஏசியும் இன்டக்ஷன் அடுப்பும் டிவியும். இரவு பத்து மணிக்கு மேல் சார்ஜ் தொடங்கும்படி காரிலேயே நேரம் குறித்துவைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

மின் அட்டையில் ஏறும் எண்

"பெட்ரோலுக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை" என்று மின்சாரக் கார்க்காரர்கள் சொல்வது மெய்யே. ஆனால் தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு போன்றது. ஏற ஏற ஒவ்வொரு படியும் உயரமாகிறது. முதல் நூறு யூனிட் இலவசம் என்பதை நினைத்துக் கணக்குப் போடுகிறவர், கார் எப்போதும் கடைசிப் படியில்தான் நிற்கும் என்பதை மறந்துவிடுகிறார்.

பெட்டிச் செய்தி: இரண்டு மாதக் கணக்கு
இரு மாதத்தில் 350 யூனிட் செலவழிக்கும் ஒரு வீடு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறு கார், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் இரு மாதத்துக்கு ஏறக்குறைய 320 யூனிட். மொத்தம் 670. 2024 ஜூலை கட்டண ஆணைப்படி 400 வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65. காருக்காக மட்டும் கூடுவது சுமார் 2,400 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த அரைச் சலுகையையும் இழக்கிறது. எல்லாம் சேர்த்தும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான். நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய ஏழு ரூபாய்.

மாடியில் சூரியத் தகடு போட்டவர்களுக்குக் கணக்கு வேறு. மூன்று கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி 12 யூனிட் தரும். மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. கார் ஓடும் தூரம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். ஒரு நடைமுறைச் சங்கடம்: சூரியன் இருக்கும்போது கார் ஆபீஸில் இருக்கிறது, கார் வீட்டுக்கு வரும்போது சூரியன் போய்விடுகிறது. பகலில் மின்வாரியத்துக்கு விட்டு இரவில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால்தான் இது கட்டுப்படியாகிறது.

நெய்வேலிக் கரியா, ஆடிக் காற்றா?

இந்த மாவட்டத்தில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் குழந்தைகூட மேற்கே கை காட்டும். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கண்ட கறுப்பு மண், 1956-இல் ஒரு பெரும் ஸ்தாபனமாகி, 1962-இல் மின்சாரமாக வெளிவந்தது. சோவியத் உதவியோடு எழுந்த அந்த முதல் அனல் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. பிற நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிலக்கரிகளில், நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரி மிகவும் புகை மிகுந்தது. அதிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகும். முழுக்க முழுக்க நெய்வேலிக் கரியிலேயே ஓடும் மின்சாரக் கார் ஒன்று இருக்குமானால், அது சிக்கனமான பெட்ரோல் காரைவிட அதிகமாகவே புகை விடுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். புகை விடும் இடம்தான் வேறு. கார் போகும் வீதியில் அன்று, சுரங்கத்துக்காக நிலம் கொடுத்தவர்களுடைய ஊருக்குப் பக்கத்தில்.

ஆனால் கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ஊர் கிடையாது. நெய்வேலி மின்சாரம் தென் மாநிலங்கள் பலவற்றுக்குப் பகிரப்படுகிறது. கடலூர் வீட்டுக்கு வருவதிலோ அணுவும் நீரும் சூரியனும் காற்றும் கலந்திருக்கின்றன. இந்தியா முழுமைக்கும் சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ, அந்தக் கணக்கில் மின்சாரக் கார் பெட்ரோல் காரை வென்றுவிடுகிறது, பெருவித்தியாசத்தில் அன்று. ஆனி ஆடியில் முப்பந்தல் காற்றாலைகள் சுழலும் நாட்களில் கார் ஓரளவு காற்றினாலும் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டால் யாரும் மறுக்கப்போவதில்லை.

தானே செய்வதும் தானேயும்

தானே செய்துகொள்வது என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கடலூர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வேறொரு ஞாபகம் வரும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையேறிய 'தானே' புயல், பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததோடு, மின்கம்பங்களை வரிசை வரிசையாக முறித்துப் போட்டது. கிராமங்கள் பல, வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கைபேசிக்கு உயிரேற்ற டிராக்டர் பேட்டரியைச் சுற்றி ஜனங்கள் கூடி நின்றார்கள். கடலூர் நகரில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கும் வேலை உலக வங்கி உதவியுடன் மேற்கொள்ளப்பட்டதற்கு அத்தகைய புயல்களே காரணம்.

அடுத்த புயலில் மின்சாரக் கார் சுமையாகுமா, துணையாகுமா? இரண்டுக்கும் இடம் உண்டு. மின்சாரம் போன பிறகு பேட்டரி காலியானால் வண்டி வெறும் இரும்பு. ஆகவே புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்றே பேட்டரியை நிரப்பி, வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவது விவேகம். அவ்வாறு நிறைந்த பேட்டரியோ ஒரு புதையல். 2023-இல் புது வடிவில் வந்த நெக்ஸான் மின்சாரக் கார் போன்ற சில வண்டிகள், சார்ஜ் ஏறும் வழியாகவே மின்சாரத்தை வெளியேயும் தரும். விளக்கு, மின்விசிறி, ஒரு ஃப்ரிட்ஜ் என்று நாளுக்கு நாலைந்து யூனிட்டில் சிக்கனமாக வாழும் குடும்பம், முப்பது யூனிட் பேட்டரியை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளிவிடலாம்.

இதைச் சொல்லும்போதே ஓர் அபாயத்தையும் சொல்லியாகவேண்டும். இருபுறமும் ஆண் பிளக் வைத்த கேபிள் ஒன்றைத் தயார் செய்து, காரின் மின்சாரத்தை வீட்டுப் பிளக் வழியாக உள்ளே தள்ளினால் வீடு முழுவதும் விளக்கு எரியும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எரியும். அதோடு அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் போகும். டிரான்ஸ்பார்மருக்குள் பின்னோக்கி நுழைந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரும். புயலடித்த மறுநாள் லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும். காரிலிருந்து வரும் கம்பியில் ஃப்ரிட்ஜை நேராகச் செருகுங்கள். வீட்டு வயரிங்கோடு அதை இணைக்க வேண்டுமென்றால், இரண்டில் ஒன்று மட்டுமே இயங்கும்படியான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இன்றி அது நடக்கவே கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

கோட்டுக்கு மேலே

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை மாலைவரை நீடித்தது. புதிய குழி, புதிய குழாய், அரை மூட்டைக் கரி, உப்பு. மீட்டர் பலகையிலிருந்து கொட்டகைவரை ஒரே நீளக் கம்பி. பேரன் செய்த பெட்டி சுவருக்குப் போகவில்லை. காரோடு வந்த கையடக்கச் சார்ஜரிலேயே அந்தக் காவலன் சோதனைகள் முடித்து உட்கார்ந்திருக்கிறான் என்பதால், அதற்கு நல்ல சாக்கெட் ஒன்றை அமைத்துக் கொடுத்தால் போதும் என்று தாத்தாவும் பேரனும் வயர்மேனும் முடிவுக்கு வந்தார்கள். பெட்டி, அவனுடைய மேசைமேல், காருக்குப் பதிலாக இரண்டு மின்தடைகளோடு சம்பாஷித்துக்கொண்டிருக்கிறது. அதைச் செய்ததில் அவன் கற்றுக்கொண்டதற்கு விலையே இல்லை. என் தீர்ப்பைக் கேட்டால், சார்ஜிங் நிலையத்தில் நாமே செய்யவேண்டியவை இடம் தேர்வதும், கணக்குப் போடுவதும், கேள்வி கேட்பதும்தான். கம்பி இழுப்பதை மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடமே விட்டுவிட வேண்டும்; சட்டமும் அதையே சொல்கிறது.

சாக்கெட்டுக்குத் துளை போடும் நேரம் வந்தது. விதிப்படி 800 மில்லிமீட்டர் போதும் என்று பேரன் டேப்பை நீட்டினான். வயர்மேன் அதை வாங்கவில்லை. சுவரில் இருந்த செம்மண் கோட்டின்மேல் தம் முழங்கையை வைத்து, விரல் நுனி தொட்ட இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியின் விலையை விசாரிப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டு எர்த் குழி எந்த மூலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றால், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு அதைத் தோண்டிப் பாருங்கள்.